மாலை ஏழு மணிக்குச் செருகிய பிளக்: ஒரு வீட்டின் கார் சார்ஜ் கணக்கு

எரிபொருள் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்று நம்பி மின்சாரக் கார் வாங்கிய குடும்பம் இது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரே கார், நாளொன்றுக்குச் சராசரியாக 50 கி.மீ. ஓட்டம். சில மாதங்களில் கரண்ட் பில் அவர்கள் நினைத்ததைவிட மேலே போய்விட்டது. வெளியே வேக சார்ஜரில் கட்டும் பணம் தனி. "வீட்ல சார்ஜ் போட்டா மிச்சமாகும்னு எல்லாரும் சொன்னாங்க சார். எங்க மிச்சமாகுதுன்னே தெரியல" என்றுதான் அந்த அம்மா பேச்சைத் தொடங்கினார். கணவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர் ஒன்றைப் பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதற்கான விலைப்புள்ளியும் கையில் வைத்திருந்தார்.

வீடுகளின் மின்செலவைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அடுத்த பில் வரும்வரை எதையும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காருக்கு மின்சாரம் எடுக்கும் லைனில் மட்டும் ஒரு சிறிய துணை மீட்டரைப் போடச் சொன்னேன். கார் எவ்வளவு குடிக்கிறது என்பது வீட்டின் மொத்த பில்லில் தெரியாது. ஏசி, வாட்டர் ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் அதே எண்ணுக்குள் கலந்து கிடக்கும். இந்தப் பிரச்சினையில் பாதிப் பேர் தடுமாறுவது அங்கேதான். கார் வந்த பிறகு பில் ஏறினால் ஏறியது முழுவதும் காரால்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது காரின் திரை காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

கீழே வரும் எண்களை, கணக்கு எளிதில் புரியும்படி முழுமையாக்கி எழுதியிருக்கிறேன். விலையைப் பணமாகச் சொல்லவில்லை, 'பங்கு' என்று சொல்கிறேன். மின்கட்டணம் இடத்துக்கு இடம் வேறு. பங்குக்குப் பதிலாக உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

மீட்டர் காட்டியது

மாதம் 1,500 கி.மீ. ஓட்டம். காரின் திரை 100 கி.மீ.க்கு 15 யூனிட் என்று காட்டியது. (ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி.) அப்படியானால் பேட்டரியிலிருந்து மாதம் 225 யூனிட் செலவாகிறது. இதில் 135 யூனிட் வீட்டில் ஏற்றியது, 90 யூனிட் வெளியே வேக சார்ஜரில் ஏற்றியது.

ஆனால் அந்த 135 யூனிட்டைப் பேட்டரிக்குள் கொண்டுசேர்க்க வீட்டு மீட்டர் ஓடியது 160 யூனிட். 25 யூனிட் வழியிலேயே போய்விட்டது. கார்த் திரை இதைக் காட்டாது. பேட்டரிக்குள் போன பிறகு நடப்பதுதான் அதற்குத் தெரியும். நாம் பணம் கட்டுவதோ மீட்டரைத் தாண்டியதற்கு. திரையில் 15 என்று பார்த்தது மீட்டரில் கிட்டத்தட்ட 18.

எங்கே போகிறது அந்த 25 யூனிட்? வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம், பேட்டரி வாங்கிக்கொள்வது நேர்திசை மின்சாரம். மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும். அது போக, சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் காரின் கணினிகள், ரிலேக்கள், குளிர்விக்கும் பம்பு எல்லாம் விழித்திருக்க வேண்டும். இதற்கு மட்டும் பல கார்களில் 200 முதல் 300 வாட் வரை ஆகிறது. சார்ஜ் வேகமாக ஏறினாலும் மெதுவாக ஏறினாலும் மணிக்கு இவ்வளவு என்று அது போய்க்கொண்டே இருக்கும். ஆகவே மெதுவாக ஏற்றினால் அதிக மணி நேரம், அதிக வீண். இவர்கள் பயன்படுத்தியது காரோடு வந்த கேபிள். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர், அதாவது 2.3 கிலோவாட். அதில் 250 வாட் வெறுமனே விழித்திருப்பதற்கே போனால் பத்தில் ஒரு பங்குக்குமேல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இதைச் சொன்னதும் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பெரிய சார்ஜர் போட்டா அந்த 25 யூனிட் மிச்சம்தானே?" என்றார். நியாயமான கேள்வி. பதில் அடுத்த தாளில் இருந்தது.

பில்லின் இரண்டாம் பக்கம்

பழைய பில்களை மேசையில் பரப்பினோம். முதல் பக்கத்தில் கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி. எல்லோரும் பார்ப்பது அதுதான். இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் மூன்று வரிகள்: இரவு, பகல், மாலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே யூனிட், விலை. வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்தபோதே நேரவாரிக் கட்டணமும் வந்திருக்கிறது. வீட்டில் ஒருவரும் அந்த மூன்று வரிகளைப் படித்ததில்லை.

நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஒரு யூனிட் 2 பங்கு. பகலில் 3 பங்கு. மாலை ஆறு முதல் பத்து வரை 4 பங்கு. வெளியே அவர்கள் வழக்கமாகப் போகும் வேக சார்ஜரில் 7 பங்கு.

வேலையிலிருந்து வந்ததும் ஏழு மணிக்கு பிளக்கைச் செருகிவிடுவார்கள். நாளுக்கு 5.3 யூனிட் ஏற வேண்டும். 2.3 கிலோவாட்டில் அதற்கு இரண்டே கால் மணி நேரம்தான் ஆகும். ஒன்பதரைக்குள் கார் நிரம்பிவிடும், பிறகு இரவு முழுவதும் சும்மா நிற்கும். இருப்பதிலேயே விலை கூடிய நான்கு மணி நேரத்துக்குள் ஒரு யூனிட் தப்பாமல் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. பாதி விலைக்கு மின்சாரம் கிடைத்த ஆறு மணி நேரமும் அதே கார், அதே பிளக்கில் மாட்டியபடியே இருந்தது.

மாலையில் ஏன் விலை கூடுகிறது என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன், காரணம் தெரிந்தால்தான் பழக்கம் நிற்கும். எல்லோரும் வீடு திரும்பி விளக்கு, அடுப்பு, ஏசி, டிவி என்று ஒரே சமயத்தில் போடும் நேரம் அது. சூரிய மின்சாரமும் அப்போதுதான் அடங்குகிறது. அந்த உச்சத்தைத் தாங்குவதற்காகவே செலவு கூடிய மின்நிலையங்களை ஓட்ட வேண்டியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்களும் கம்பிகளும் அந்தச் சில மணி நேரத்துக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு அதே கம்பிகள் பாதி காலி.

முன்பு ஆன செலவைக் கூட்டிப் பார்த்தோம். வீட்டில் 160 யூனிட், 4 பங்கு வீதம் 640. வெளியே பேட்டரிக்குள் 90 யூனிட் ஏற அங்கே பில் போட்டது சுமார் 95 யூனிட். 7 பங்கு வீதம் 665. மொத்தம் 1,305 பங்கு. தூரமாகப் பார்த்தால் 100 கி.மீ.க்கு 87 பங்கு.

இதைவிட உறைக்கும்படி இன்னொரு விதமாகவும் எழுதிக் காட்டினேன். அதே 100 கி.மீ. தூரத்துக்கு வேக சார்ஜரில் 111 பங்கு, வீட்டில் மாலையில் 71 பங்கு, வீட்டில் இரவில் சுமார் 35 பங்கு. சாலையும் காரும் ஒன்றுதான். எங்கே, எப்போது ஏற்றினார்கள் என்பதில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். அந்த அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டு முறை படித்தார்.

வெளியே ஏன் போனார்கள்

வீட்டிலேயே பிளக் இருக்கும்போது ஐந்தில் இரண்டு பங்கை வெளியே ஏற்றுவதற்குக் காரணம் என்ன? பயம்தான், வேறொன்றுமில்லை. சார்ஜ் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த அம்மாவுக்கு மனது கேட்பதில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வேக சார்ஜர் இருக்கிறது; திரும்பும் வழியில் அரை மணி நேரம் போட்டுவிட்டு வருவார்.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாலையில் நின்றுபோவோமோ என்ற கவலை உண்மையானது. கவலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, கணக்கு வேண்டும். இந்தக் காரின் பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 45 யூனிட். அதில் 40 சதவீதம் என்றால் 18 யூனிட், அதாவது 120 கி.மீ. அவர்களின் இரண்டு நாள் ஓட்டத்துக்கும் மேல். ஒரு நாள் ஓட்டத்துக்கு ஆவது 7.5 யூனிட், பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு. இரவு முழுவதும் ஏற்றினால் எவ்வளவு ஏறும் என்பதையும் போட்டுப் பார்த்தோம்: மெதுவான அந்தப் பழைய கேபிளிலேயே ஆறு மணி நேரத்தில் மீட்டர் 13.8 யூனிட் ஓடும். இழப்பு போக 77 கி.மீ. ஓட்டத்துக்குக் காணும். நாள்தோறும் செலவாவதைவிட அதிகமாகவே இரவில் வந்து சேர்கிறது. இந்த ஒரு வரிதான் அவர் மனதை மாற்றியது என்று நினைக்கிறேன்.

வேக சார்ஜரில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டியதும் பேட்டரியைக் காப்பதற்காகக் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நிமிடக் கணக்கில் பணம் வாங்கும் இடங்களில் கடைசி 20 சதவீதம் மிக விலை கூடியது. நீண்ட பயணத்தில் 80-ல் கழற்றிக்கொண்டு கிளம்புவதுதான் பணத்துக்கும் நல்லது, பின்னால் காத்திருப்பவருக்கும் நல்லது.

பெரிய சார்ஜர் தேவையா

இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவிட்டது இதற்குத்தான். வீட்டு சார்ஜிங் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தப் பெட்டி, எத்தனை கிலோவாட், செயலி இருக்கிறதா என்று. பெட்டிக்குப் போகும் பணம் திரும்பி வருமா என்று கணக்குப் போடுகிறவர்கள் குறைவு.

மூன்று வழிகளை எழுதினோம். மூன்றிலும் கார் இரவில் மட்டும் ஏறும். வெளியே ஏற்றுவது நீண்ட பயணத்துக்கு மட்டும், மாதம் 150 கி.மீ.க்கு ஆகும் அளவு. அதற்கு 24 யூனிட், 168 பங்கு. அது எல்லா வழிகளுக்கும் பொது. மீதி 202.5 யூனிட்டைப் பேட்டரிக்குள் ஏற்ற, பழைய 10 ஆம்பியர் கேபிளில் மீட்டர் 241 யூனிட் ஓடும். 16 ஆம்பியர், அதாவது 3.7 கிலோவாட் என்றால் 230 யூனிட். 32 ஆம்பியர், 7.4 கிலோவாட் என்றால் 225 யூனிட்.

2 பங்கு வீதம் பெருக்கினால் 482, 460, 450. வெளிச் செலவையும் சேர்த்தால் 650, 628, 618.

முன்பு கட்டியது 1,305. எதையும் வாங்காமல், பழைய கேபிளிலேயே, காரின் திரையில் சார்ஜ் தொடங்கும் நேரத்தை நள்ளிரவு என்று வைத்து, தேவையில்லாத வெளிச் சார்ஜை நிறுத்தினாலே 655 பங்கு மிச்சம். நடுத்தர இணைப்புக்குப் பணம் போட்டால் மாதம் இன்னும் 22 பங்கு கிடைக்கும். பெரிய பெட்டிக்குப் போனால் அதற்கும் மேலே 10 பங்கு, அதாவது மாதம் 5 யூனிட் மின்சாரம். அந்த 5 யூனிட்டுக்காகப் பெட்டியும் தடித்த கேபிளும் கூடுதல் லோடு அனுமதியும் வாங்கினால், கார் பழசாகும் காலத்துக்குள் போட்ட பணம் திரும்பாது. கணவரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் விலைப்புள்ளியை மடித்து வைத்தார்.

7.4 கிலோவாட் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு 150 கி.மீ.க்கு மேல் ஓடுகிறவர்கள், மலிவு நேரம் மூன்று நான்கு மணிதான் கிடைக்கிறவர்கள், இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், கடுங்குளிரில் செலவு ஏறும் இடத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அது தேவைப்படும். வாங்குமுன் காரின் உள்ளே இருக்கும் மாற்றுக் கருவியின் அளவைப் பார்க்க வேண்டும். அது 3.3 கிலோவாட் என்றால் சுவரில் 7.4 போட்டாலும் ஏறுவது 3.3 தான். சுவர்ப்பெட்டி, 'இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்' என்று கேபிளில் உள்ள ஒரு சிறு சிக்னல் வழியாகக் காருக்குச் சொல்கிறது. அந்த எல்லைக்குள் எவ்வளவு இழுப்பது என்பதைக் கார்தான் முடிவு செய்கிறது.

பிளக் பாயிண்டைத் திறந்தபோது

பணக் கணக்கை மட்டும் பார்த்தால் பழைய கேபிளோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காரணம், அந்த பிளக் பாயிண்ட்.

துணி துவைக்கும் எந்திரத்துக்காக முன்பு எப்போதோ போட்ட பாயிண்ட் அது. துணை மீட்டர் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன்தான் முதலில் கவனித்தார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு துளையின் ஓரம் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. ஒன்றரை மணி நேரம் சார்ஜ் ஏறிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்த்தார், விரலை வைத்திருக்க முடியவில்லை. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். நியூட்ரல் கம்பியின் ஸ்க்ரூ, ஸ்க்ரூடிரைவரை வைத்ததும் அரைச் சுற்று தானாகப் போனது. "இதப் பாருங்க சார், கைலயே சுத்துது" என்றார். அந்த இடத்தில் கம்பியின் உறை கறுத்து விறைத்திருந்தது. வளைத்ததும் துகளாக உதிர்ந்தது.

ஒரு தளர்ந்த இணைப்பின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் போகும்போது அங்கே உண்டாகும் வெப்பம் 20 வாட். ஒரு சிறிய சாலிடரிங் அயர்ன் தரும் சூடு அது; பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவருக்குள், தினமும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்து வெப்பம் ஏறும். 16 ஆம்பியர் என்றால் 50 வாட்டைத் தாண்டிவிடும். 32 என்றால் 200 வாட்டுக்கும் மேல். எம்சிபி (அதிகக் கரண்ட் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) இதைப் பிடிக்காது. ஓடுவது அளவான கரண்ட்தான், அதிகக் கரண்ட் இல்லை. வாஷிங் மெஷினும் இஸ்திரிப்பெட்டியும் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு விடும். கார் விடாமல் மணிக்கணக்கில் இழுக்கும். வீட்டில் வேறு எந்தப் பொருளும் ஒரு பிளக்கை இப்படிச் சோதிப்பதில்லை.

இரவில் சார்ஜ் போடச் சொல்கிற எவரும் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாலையில் ஏறினால் யாராவது விழித்திருப்பார்கள், வாடை வந்தால் தெரியும். நள்ளிரவுக்கு மாற்றும்போது எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு அதைத் தள்ளுகிறோம். அந்த மாற்றத்துக்கு முன் வயரிங் நம்பத்தக்கதாக இருந்தாக வேண்டும்.

ஆகவே மீட்டர் பலகையிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுத்தோம். 20 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியர் சார்ஜ். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் லோடு, எம்சிபியின் அளவில் 80 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இது சரியாக அந்த அளவு. 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு உண்டு. காரின் மாற்றுக் கருவியிலிருந்து நேர்திசைக் கசிவு வந்தால் சாதாரண ஆர்சிசிபி (கசிவைக் கண்டு வெட்டும் சுவிட்ச்) மந்தமாகிவிடக்கூடும் என்பதால், 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டதும் வெட்டும் வசதியுள்ள சிறிய சுவர்ப்பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். எர்த்தை அளந்து பார்த்தோம். கேபிளை மட்டும் 6 சதுர மி.மீ. தடிமனில் போட்டோம், தேவைக்கு ஒரு படி மேலே. இழுக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான். இரண்டாவது கார் வந்தால் சுவரை மறுபடி உடைக்க வேண்டியிராது. ஸ்க்ரூக்களை டார்க் டிரைவரால், குறித்த அளவுக்கு இறுக்கினார் எலக்ட்ரீஷியன்; சில மாதம் கழித்து ஒருமுறை வந்து மறுபடி பார்க்கவும் ஒத்துக்கொண்டார்.

இந்தச் செலவை என் அறிக்கையில் சேமிப்புக்குக் கீழே எழுதவில்லை. பாதுகாப்பு என்று தனித் தலைப்பில் எழுதினேன். இது மாதம் 22 பங்கைத் திருப்பித் தரும், ஆனால் அதற்காகச் செய்ததில்லை.

மாற்றிய பிறகு

முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் கார் ஏறவே இல்லை. தேடிப் பார்த்ததில், காரிலும் நேரம் குறித்திருந்தார்கள், சுவர்ப்பெட்டியின் செயலியிலும் நேரம் குறித்திருந்தார்கள். பெட்டி மின்சாரம் கொடுத்தபோது கார் தன் நேரத்துக்காகக் காத்திருந்தது. கார் கேட்டபோது பெட்டி மூடிவிட்டது. இரண்டில் ஒன்றில்தான் நேரம் வைக்க வேண்டும். இவர்களுக்குக் காரிலேயே வைத்தோம். காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லலாம். வெயில் நாளில் கிளம்புமுன் உள்ளே குளிர்விப்பதும் பேட்டரியில் கைவைக்காமல் வீட்டு மின்சாரத்திலேயே நடந்துவிடும்.

தொடக்க நேரத்தை 12 மணிக்கு மிகச் சரியாக வைக்காமல் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னேன். தெருவில் எல்லாக் காரும் ஒரே நொடியில் தொடங்கினால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது புதிய உச்சம். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கும் வீட்டு சார்ஜர்கள், உச்ச நேரத்தைத் தவிர்க்கும்படி முன்கூட்டியே அமைத்து வர வேண்டும் என்றும், தொடக்கத்தைப் பத்து நிமிடம் வரை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாகத் தாமதிக்க வேண்டும் என்றும் விதியே இருக்கிறது. விதி இல்லாத இடத்தில் நாமே செய்துகொள்ளலாம்.

புதிய மாதக் கணக்கு: வீட்டில் 230 யூனிட், 460 பங்கு. வெளியே 24 யூனிட், 168 பங்கு. மொத்தம் 628. முன்பு 1,305 ஆனது பாதிக்கும் கீழே வந்தது. மிச்சமான 677 எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தோம். வீட்டில் ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருந்ததை மாலையிலிருந்து இரவுக்குத் தள்ளியதில் 320. வெளியே ஏற்றியதை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் 343. வழியில் வீணானது குறைந்ததில் 14. கணவர் பெரிய சார்ஜரிடம் எதிர்பார்த்தது அந்தக் கடைசி எண்ணின் வகையைச் சேர்ந்த மிச்சம்.

மற்ற வீடுகளுக்கு இதைப் பொருத்தும்போது

இந்த வீட்டுக்கு நேரவாரிக் கட்டணம் தானாக வந்திருந்தது. பல இடங்களில் நாமே கேட்டு மாற வேண்டும். மாறுமுன் வீட்டின் மற்றச் செலவையும் பார்க்க வேண்டும், கார் மட்டும் அந்த மீட்டரில் இல்லை. எந்நேரமும் 3 பங்கு என்றிருந்த வீடு, மேலே சொன்ன கட்டணத்துக்கு மாறுகிறது என்று வையுங்கள். மற்றப் பொருள்களுக்கு மாதம் 200 யூனிட். அதில் 100 மாலையில், 40 இரவில். மாலையில் 100 பங்கு கூடும், இரவில் 40 குறையும், ஆக 60 நஷ்டம். காரின் 230 யூனிட்டில் 230 பங்கு லாபம். நிகரம் 170 லாபம், மாறலாம். மாலையில் ஏசி நிறைய ஓடுகிற, கார் குறைவாக ஓடுகிற வீட்டில் இது தலைகீழாகிவிடும்.

படிநிலைக் கட்டணம் உள்ள இடத்தில் கணக்கே வேறு. பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் முறையில், கார் குடிக்கும் யூனிட்டுகள் எல்லாம் மேல் படியில்தான் விழும். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துச் சராசரி எடுத்தால் தவறான விலை கிடைக்கும். கடைசிப் படியின் விலையைத்தான் எடுக்க வேண்டும். காருக்கென்று தனி மீட்டர், தனிக் கட்டணம் கிடைக்கும் இடங்களில் அதன் நிலைக்கட்டணத்தையும் சேர்த்து இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் முடிவு எளிது.

பெட்ரோலோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. 100 கி.மீ.க்கு 6 லிட்டர் குடிக்கும் காருக்கு எதிரே மீட்டரில் 17 யூனிட். ஒரு லிட்டர் விலை ஒரு யூனிட் விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் மின்சாரம் மலிவு. எத்தனை மடங்கு கூடுகிறதோ அவ்வளவு லாபம். வேக சார்ஜரின் விலையை வைத்தும் இதைப் போட்டுப் பாருங்கள். சில இடங்களில் பெட்ரோலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

சூரியத் தகடு பற்றி இவர்களும் கேட்டார்கள். பகலில் கார் அலுவலக வாசலில் நிற்கிறது, ஆகவே இப்போதைக்குப் பொருந்தாது என்றேன். பகலில் கார் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 6 ஆம்பியருக்குக் கீழே கார் சார்ஜ் எடுக்காது. ஒரு ஃபேஸில் அது சுமார் 1.4 கிலோவாட். மற்றப் பொருள்கள் போக உபரி அதற்குக் குறைவாக இருந்தால், மீதியைக் கம்பத்திலிருந்துதான் இழுக்கும்.

நின்றிருக்கும்போது காரே தின்னும் மின்சாரத்தையும் பார்த்துவிடுவது நல்லது. கேமராக்களை விழிக்க வைத்துக் காவல் காக்கும் வசதி சில கார்களில் 200 வாட்டைத் தாண்டும். நாள் முழுவதும் ஓடினால் அதுவே 5 யூனிட், இவர்கள் முன்பு வீட்டில் ஒரு நாளைக்கு ஏற்றிய அளவு. இந்த வீட்டில் அது அணைந்தே இருந்தது.

எவ்வளவு வரை ஏற்றுவது என்பதிலும் பணம் இருக்கிறது, காரிலேயே விலை கூடிய பொருள் பேட்டரிதான் என்பதால். இவர்களுடையது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை. தினமும் 80 சதவீதத்தில் நிறுத்தும்படி அமைத்தோம், பயண நாளுக்கு முந்தின இரவு மட்டும் 100. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் அவ்வப்போது முழுதாக ஏற்றத்தான் வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற மதிப்பீடே தடுமாறும். கார்க் கையேட்டில் எந்த வகை என்று இருக்கும்.

இப்போது அந்த வீட்டில் பேச்சு இரண்டாவது காரைப் பற்றி. நாளுக்கு 50 கி.மீ. வீதம் ஓடும் இரண்டு காருக்கும் சேர்த்து இரவில் சுமார் 17 யூனிட்தான் தேவைப்படும்; ஆறு மணி நேரத்தில் இந்த ஒரே லைன் 22 யூனிட் கொடுக்கும். ஒரு கார் நிரம்பியதும் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளும் இரட்டைப் பெட்டியை அதே கேபிளில் மாட்டினால் போதும், எம்சிபியைக்கூட மாற்ற வேண்டாம். அதற்கு முன் முதல் காரின் ஒரு வருட பில்லை, நான்கு பருவமும் வரும்படி, சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கோடை ஏசியும் குளிர்கால ஹீட்டரும் 15 யூனிட் என்ற அந்த எண்ணை எவ்வளவு நகர்த்துகின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.